தெரியாத பாட்டுக்கு ஒரு மணி நேரம்

பெங்களூரின் தனியார் பண்பலை வானொலி நிலையங்களில் நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் தலைவர்களுக்கு,

வணக்கம்.

அல்சூர் ஏரிக்கரையிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தையற்கடை நடத்திவருகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சாமி படத்துக்கு ஊதுவத்தி, அடுத்து வானொலி. இரவு ஒன்பது மணிக்குக் கடை சாத்தும்போதுதான் அது ஓயும். உங்கள் நிலையங்களை நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்கிறவன் என்ற ஒரே தகுதியோடு இந்த மடலை எழுதுகிறேன். அலுவலகம் போகும் வழியில் காரில் கேட்டுவிட்டு இறங்கிப்போகிறவருக்குப் பிடிபடாத சில சங்கதிகள், மிஷினில் உட்கார்ந்தபடி நாள் முழுதும் கேட்கிற எங்களுக்குப் பிடிபட்டுவிடுகின்றன.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று ஒலித்த பாடல்களை ஒவ்வொன்றாகக் குறித்துவந்தேன். புதிதாக வந்த ஒரு திரைப்பாடல் காலை பத்தேகாலுக்கு வந்தது; சாப்பாட்டு வேளையில் வந்தது; நாலு மணித் தேநீருக்கு வந்தது; விளக்கு வைத்த பின்னும் வந்தது. நடுவில் பொறுக்காமல் வேறு நிலையத்துக்குத் திருப்பினால், அங்கே அதே பாடலின் இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கடையில் காஜா எடுக்கும் இளைஞர் கன்னடக்காரர், மண்டியாப் பக்கம். இப்போதெல்லாம் ஆர்ஜே வாயைத் திறப்பதற்கு முன்பே அடுத்த பாட்டு எது என்று சொல்லிவிடுகிறார், பெரும்பாலும் தப்புவதில்லை. அவரைக் கடையின் நிகழ்ச்சித் தலைவர் என்றே கூப்பிடுகிறோம். கேலிக்காக இதை எழுதவில்லை. காஜா எடுத்துக்கொண்டே ஒருவர் காதால் கண்டுபிடித்துவிடும் அளவுக்கு உங்கள் பட்டியல் குறுகிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மேலே போவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பெங்களூரில் இருக்கும் தமிழன் ஒருவன் வானொலியைப் பற்றிக் கடிதம் எழுதினால், தமிழ்ப் பாட்டுப் போடச் சொல்கிறான் என்றே எடுத்துக்கொள்வார்கள். இது கர்நாடகத்தின் தலைநகரம். இங்கே கன்னடப் பாடல் முதலில் ஒலிப்பதுதான் முறை, அதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. என் குறையெல்லாம் கன்னடத்திலேயே நீங்கள் தொடாமல் விட்டிருக்கும் பெரும்பரப்பைப் பற்றியதுதான். இந்த ஊருக்குப் பிழைக்க வந்த என் தகப்பனார், பி. காளிங்க ராவும் மைசூர் அனந்தசுவாமியும் பிற்பாடு சி. அஸ்வத்தும் பாடிய பாவகீதங்களை, அதாவது இசையமைத்துப் பாடும் கன்னடக் கவிதைகளை, வானொலியில் கேட்டுத்தான் கன்னடக் கவிஞர்களைத் தெரிந்துகொண்டார். குவெம்பு, பேந்த்ரே என்ற பெயர்கள் எங்கள் வீட்டுக்குள் அப்படித்தான் நுழைந்தன. இன்று பிழைக்க வருகிற ஒருவர் உங்கள் நிலையங்களை ஓராண்டு விடாமல் கேட்டாலும், அவருக்கு அந்தப் பெயர்கள் அறிமுகமாவதற்கு வழியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தியாவின் முதல் தனியார் பண்பலை நிலையம் 2001 ஜூலை 3 அன்று இந்த ஊரிலிருந்துதான் ஒலிக்கத் தொடங்கியது. அப்போது என் கடைக்கு வயது குறைவு, எனக்கும்தான். ஆங்கிலம், இந்தி, கன்னடம் என்று கலந்து வந்த அந்த நாட்களில், பேசியவர்களுக்கு இன்றிருக்கும் வழவழப்பு இல்லை. தடுமாறினார்கள், சிரித்துச் சமாளித்தார்கள். ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரியாத காரணத்தாலேயே, வெட்டிக்கொண்டிருந்த துணியில் கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டு நான் காத்திருந்ததுண்டு. காதில் வாங்க முடியாத பாட்டுகளும் வந்தன. அவற்றைப் பற்றி வாடிக்கையாளர்களோடு வாக்குவாதம் செய்ததும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. இன்று வருகிற எந்தப் பாட்டைப் பற்றியும் என் கடையில் யாரும் வாக்குவாதம் செய்வதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலையத்தில் வேலைபார்த்து, பிறகு அந்தத் தொழிலையே விட்டுவிட்ட வாடிக்கையாளர் ஒருவர், கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த சமயங்களில் உங்கள் தொழிலின் உள்விவரங்களை எனக்கு விளக்கியிருக்கிறார். ஒரு மணி நேரத்தைக் கடிகார முகம்போல் வட்டமாக வரைந்து, இந்த நிமிடத்தில் புதுப்பாட்டு, இந்த நிமிடத்தில் விளம்பரம், இந்த நிமிடத்தில் சற்றுப் பழைய வெற்றிப்பாட்டு என்று கூறுபோட்டுவிடுவார்கள் என்றும், அந்த வட்டத்துக்குக் ‘கிளாக்’ என்று பெயர் என்றும் சொன்னார். பாடல்களை வகை பிரித்து, எது எத்தனை மணிக்கொருமுறை திரும்பி வரவேண்டும் என்ற விதியையும் கொடுத்துவிட்டால், 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் ‘செலக்டர்’ போன்ற மென்பொருள்கள் நாள் முழுமைக்குமான பட்டியலைத் தாமே போட்டுக் கொடுத்துவிடுமாம். எந்தப் பாட்டு அந்த வகைகளுக்குள் நுழையலாம் என்பதை முடிவுசெய்ய, பாட்டில் சட்டென்று மனத்தில் ஒட்டிக்கொள்ளும் சில விநாடித் துண்டை மட்டும், தொலைபேசியிலோ ஓர் அரங்கத்தில் கூட்டிவைத்தோ நேயர்களுக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்கும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. சில விநாடிக்குள் அடையாளம் தெரியாத பாட்டுக்கு அங்கே மதிப்பெண் விழாது. ஆக, நேயருக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டுதான் தேர்வில் தேறுகிறது, தேறியதால் ஒலிக்கிறது, ஒலிப்பதால் மேலும் தெரிந்ததாகிறது. எனக்கு மிகவும் வியப்பளித்தது வேறொன்று. ஒரு பாட்டைக் கேட்டுக் கேட்டு நேயருக்குச் சலித்துவிட்ட நிலையைக் குறிக்க, உங்கள் தொழிலில் ‘பர்ன்’ என்று ஒரு கலைச்சொல்லே இருக்கிறதாம். நாங்கள் அதைக் காது புளித்துப்போனது என்போம். எவ்வளவு புளித்திருக்கிறது என்று அளக்கும் கருவியைக்கூட வைத்திருக்கிறீர்கள். மாவை மாற்றத்தான் மனம் வரவில்லை.

இந்த முறைக்கு ஒரு தலபுராணம் உண்டு. 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஒமாஹா நகரில் வானொலி நிலையம் நடத்திவந்த டாட் ஸ்டார்ஸ் என்பவர் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். வந்தவர்கள் எல்லாரும் ஜூக்பாக்ஸில் காசு போட்டு ஒருசில பாட்டுகளையே மறுபடி மறுபடி கேட்டார்கள். கடை மூடும் நேரத்தில், நாள் முழுதும் அவற்றையே கேட்டுக்கொண்டிருந்த பரிமாறும் பெண்ணும் தன் சொந்தக் காசைப் போட்டு அதே பாட்டை வைத்தாளாம். மக்களுக்கு வேண்டியது திரும்பத் திரும்பக் கேட்பதுதான் என்ற முடிவுக்கு அவர் வந்தார் என்றும், முன்னணியில் இருக்கும் பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போடும் ‘டாப் 40’ என்ற வடிவம் அங்கிருந்து வளர்ந்தது என்றும் சொல்லப்படுவதுண்டு. கதை பல விதமாகச் சொல்லப்படுகிறது. எந்த விதத்தில் சொன்னாலும், அந்தப் பெண்ணின் கையில் இருந்த காசை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். பெட்டிக்குள் இருந்த அத்தனை பாட்டுகளில் ஒன்றை அவளே விரல் வைத்து எடுத்தாள். அன்று அவளுக்கு என்ன துக்கமோ, என்ன சந்தோஷமோ. அடுத்த நாள் வேறொரு பாட்டை அவள் எடுத்திருக்கவும் கூடும். பாட்டு திரும்ப வந்ததை மட்டும் கவனித்த அந்த முதலாளி, அதை வரவழைத்தது யாருடைய விரல் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஏழு கடல் தாண்டி என் கடையில் ஒலிக்கும் வானொலியில் காசு போடும் துளையும் இல்லை, விரல் வைக்கும் இடமும் இல்லை. திரும்ப வருவது மட்டும் இருக்கிறது.

நேயர் விரும்புவதைத்தான் தருகிறோம் என்பது உங்கள் நிலையான பதில். நேயர் விரும்புகிறார் என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? 2007இல் ‘ராம்’ என்ற பெயரில் வானொலி நேயர் கணக்கெடுப்பு தொடங்கியபோது, அதில் இடம்பெற்ற நகரங்களில் பெங்களூரும் ஒன்று. சில நூறு பேரிடம் நாட்குறிப்பைக் கொடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டார்கள் என்று எழுதி வாங்கும் முறை அது. அந்தக் கணக்கில் என் கடையைச் சேர்த்திருந்தால், பத்து மணி நேரம் அசையாமல் கேட்ட உத்தம நேயன் என்று நான் பதிவாகியிருப்பேன். கையில் துணியும் வாயில் குண்டூசியும் இருக்கும்போது எழுந்துபோய்த் திருப்ப முடியாது என்பதும், திருப்பினாலும் அங்கேயும் அதுவேதான் என்பதும் எந்த நாட்குறிப்பிலும் ஏறாது. எழுந்துபோகாமல் இருப்பவரை எல்லாம் ரசிகர் என்று எண்ணிக்கொள்வதாக இருந்தால், பல் வைத்தியரின் நாற்காலிக்கும் ரசிகர்கள் உண்டு.

எனக்குப் பாட்டுக் கேட்கக் கற்றுக்கொடுத்தது இலங்கை வானொலி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கரகரப்புக்கு நடுவே முள்ளை நகர்த்தி நகர்த்தி என் தகப்பனார் அதைப் பிடிப்பார். கே.எஸ். ராஜாவின் வேகமும் பி.எச். அப்துல் ஹமீதின் நிதானமும் எங்கள் தெருவில் பையன்களுக்கெல்லாம் மனப்பாடம். படத்தின் பெயர், பாடலை இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர்கள் ஆகிய நான்கையும் ஒழுங்காகச் சொன்ன பிறகே பாட்டைத் தொடங்குவது அன்றைய அறிவிப்பாளர்களின் வழக்கம். அந்தச் சில விநாடி அறிவிப்புதான், பிடித்த ஒரு பாட்டிலிருந்து அதே கவிஞரின் இன்னொரு பாட்டுக்கும், அங்கிருந்து பெயரே கேட்டிராத ஒரு பாடகிக்கும் எங்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றது. உங்கள் நிலையங்களில் அந்த நான்கில் ஒன்றுகூடப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. முன்னிசை முழுவதும் ஆர்ஜேயின் பேச்சுக்கு அடியில் நசுங்குகிறது. கடைசிச் சரணம் விளம்பரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கேட்ட பாட்டு யாருடையது என்று தெரியாத நேயர் அடுத்ததாக எதைக் கேட்பார்? மறுபடியும் அதையேதான் கேட்பார். அதை நீங்கள் அவருடைய விருப்பம் என்று எழுதிக்கொள்வீர்கள்.

செலவு என்று ஒரு வாதம் உண்டு, அதை நான் அலட்சியம் செய்யவில்லை. 1999இல் வகுத்த கொள்கையின்படி, முதலில் வந்த நிலையங்களின் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. அந்தச் சுமையில் யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். 2005இல் அது மாறி, மொத்த வருவாயில் 4 சதவீதம் என்ற அடிப்படை வந்தது. 2015 ஏலத்தில் அலைவரிசைகளுக்குப் பெரிய தொகைகளைக் கொட்டியதையும் அறிவேன். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப உங்களுக்கு இன்றுவரை அனுமதியில்லை, ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம் என்பதோடு சரி. ஆகவே உங்கள் கையில் இருக்கும் சரக்கு ஏறத்தாழ இசை ஒன்றுதான். ஆனால் அந்தச் சரக்கின் விலையைப் பாருங்கள். பதிப்புரிமை வாரியம் 2010 ஆகஸ்டில் இசை நிறுவனங்களுக்கான உரிமத்தொகையை நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று வைத்தது. 2020 இறுதியில் வந்த இன்னோர் உத்தரவு, பாட்டு ஒலிக்கும் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டது. வருவாய்க் கணக்கோ நேரக் கணக்கோ, இரண்டிலும் புகழுக்கென்று தனி விலை கிடையாது. ஊரே முணுமுணுக்கும் பாட்டுக்கும், யாரும் கேட்டிராத பாட்டுக்கும் அங்கே ஒரே தட்டு. தெரியாத பாட்டைப் போடுவதற்குத் தடையாக இருப்பது காசு இல்லை என்றால், பிறகு அச்சம் ஒன்றுதான் பாக்கி. என் தொழிலில் இதற்கு ஃப்ரீ சைஸ் என்று பெயர்: யாருக்கும் இறுக்கக்கூடாது என்ற பயத்தில் தைத்தது, யார் உடம்பிலும் நிற்காது.

கைப்பேசியில்தான் எல்லாப் பாட்டும் இருக்கிறதே, வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்களேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். என் மகளும் இதைத்தான் சொல்கிறாள். கைப்பேசியில் எனக்குப் பெயர் தெரிந்த பாட்டை நான் தேடி எடுக்கலாம். அதைப் போன்ற இன்னும் பத்தை அதுவே கொண்டுவந்து கொட்டும். பெயர் தெரியாததை எப்படித் தேடுவது? அதற்கு வேறொரு மனிதரின் காது வேண்டியிருக்கிறது. வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலிக்குச் சந்தா கட்டிய பெங்களூர்க்காரர்களில் நானும் ஒருவன். கடை மாடியில் அதன் சிறிய ஆன்டெனாவை வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்து, எந்த மொழி என்றே தெரியாத ஆப்பிரிக்கப் பாடல்களைக் கேட்டுக்கொண்டு ரவிக்கை தைத்திருக்கிறேன். தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவாலாகி, 2009 டிசம்பர் 31 அன்று இங்கே ஒலிபரப்பு நின்றது. இதை எடுத்துக்காட்டி, வித்தியாசமாகச் செய்தால் கதி இதுதான் என்று நீங்கள் வாதிடலாம். விண்ணில் செயற்கைக்கோளை நிறுத்திவைத்துக் கட்டுப்படியாகாமல் போன ஒரு வியாபாரத்தை, ஏற்கெனவே கோபுரமும் அலைவரிசையும் வைத்திருக்கிற உங்களோடு ஒப்பிடுவது பொருந்துமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அரசாங்கம் சட்டம் போட்டு உங்களைத் திருத்தவேண்டும் என்றும் நான் கோரவில்லை. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் ஆகாசவாணியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். நேயர்கள் கூண்டோடு ரேடியோ சிலோனுக்குப் போய்விட்டார்கள், 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்கவேண்டியிருந்தது. பிரான்சில் 1994இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, 1996 முதல் இசை நிலையங்கள் 40 சதவீதம் பிரெஞ்சுப் பாடல்களை ஒலிபரப்பவேண்டியதாயிற்று. ஒருசில பாடல்களையே சுற்றிச் சுற்றிப் போட்டு நிலையங்கள் அந்த விகிதத்தை நிரப்பிக்கொண்டன. ஒலிபரப்பான பிரெஞ்சுப் பாடல்களில் பாதிக்கு மேல் அதிகம் ஒலித்த பத்துப் பாடல்களாகவே இருந்தால், மிஞ்சியது கணக்கில் சேராது என்று 2016இல் இன்னொரு விதியை எழுதவேண்டி வந்தது. போடுகிறவருக்கே பாட்டின்மேல் ஆசை இல்லாத இடத்தில் விகிதாசாரம் எவ்வளவு தூரம் போகும்?

ஆசைப்படுவதற்கு இந்த ஊரில் பஞ்சமா? சாமராஜப்பேட்டையில் 1939இல் தொடங்கிய ராமநவமி இசைவிழா இன்றும் நடந்துவருகிறது; பந்தலுக்கு வெளியே தெருவில் நின்றுகூட ஜனங்கள் கேட்கிறார்கள். ஊர்த் தெய்வமான அண்ணம்மாவின் உற்சவத்துக்கும் கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவத்துக்கும் தெருவுக்குத் தெரு மேடை கட்டிப் பாடுகிற ஆர்கெஸ்ட்ராக்காரர்களில், கன்னடத்தில் தொடங்கித் தமிழில் சரணம் பாடி மறுபடி கன்னடத்தில் முடிக்கக்கூடிய குரல்கள் ஸ்ரீராமபுரத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிசுநாள ஷரீபரின் தத்துவப் பாடல்களை அஸ்வத் ஒரு விதமாகப் பாடினார். இந்த ஊரின் ரகு தீட்சித் அதே ஷரீபரைக் கிட்டாரோடு வேறு விதமாகப் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, நடுவில் மூன்று வரி பேசினால் அரை மணி நேரம் போவது தெரியாது. மொழிச் சண்டையைக் கிளப்பாமல் எல்லைக்கு அந்தப் பக்கத்தையும் தொடவேண்டுமா? கன்னட நடிகர் ராஜ்குமாருக்கு நெடுங்காலம் குரல் கொடுத்த பி.பி. ஸ்ரீநிவாஸ்தான் தமிழில் ஜெமினி கணேசனுக்கும் குரல் கொடுத்தவர். கன்னடத் திரையிசையில் பெரும்பெயர் பெற்ற ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்துதான் இளையராஜா தொழில் பழகினார். குருவின் கன்னடப் பாட்டு ஒன்று, பிற்காலத்தில் சிஷ்யர் இசையமைத்த கன்னடப் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கன்னடக்காரரும் தமிழரும் ஒரே கடைவாசலில் நின்று, இதில் அது தெரிகிறது, அதில் இது தெரிகிறது என்று பேசிக்கொள்வார்கள். என் கடைவாசலில் பேசுவார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தச் சொத்தில் எனக்கும் ஒரு நூலிழை பாத்தியதை உண்டு என்ற உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், கிளாக்கும் மென்பொருளும் இல்லாமல், ஓர் ஆர்ஜேயின் கையில் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில், முந்தைய முப்பது நாட்களில் உங்கள் நிலையத்தில் ஒலித்த எந்தப் பாட்டும் வரக்கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரைச் சொல்லவேண்டும். பாட்டை முழுதாக ஓடவிடவேண்டும். அந்த ஆர்ஜே தனக்கு இது ஏன் பிடித்தது என்று சொல்லலாம், பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம். நள்ளிரவுக்குப் பிறகு வைத்துவிட்டு, யாரும் கேட்கவில்லை என்று ஒரு மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள். பிற்பகல் 2 முதல் 3 வரை எங்கள் தெருவில் எல்லாக் கடைகளிலும் ஆள் வரத்துக் குறைவு, காது சும்மா இருக்கும்; விளம்பரதாரர்களும் அந்த வேளைக்குப் பெரிதாக அடித்துக்கொள்வதில்லை என்று என் வாடிக்கையாளர் சொன்னார். குறைந்தது ஆறு மாதம் நடத்திப் பாருங்கள்.

முதலில் எந்த நிலையம் செய்தாலும், அந்த ஆறு மாதமும் எங்கள் கடையில் வேறு நிலையம் ஒலிக்காது. எந்தப் பாட்டுக்கு யார் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள் என்பதை அளவு நோட்டில் குறித்து, மாதம் ஒருமுறை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். எங்கள் காஜாக்காரர், இதை நீங்கள் யாருமே செய்யமாட்டீர்கள் என்று பந்தயம் கட்டியிருக்கிறார். அடுத்த பாட்டை அவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உங்களை நம்பி, கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் மசால் தோசையும் காபியும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அல்சூரில் தையற்கடை நடத்தும் நேயர்